அன்னதானம் வீட்டிலும் தொடரட்டும்!

தைப்பூசம் வந்தாலே எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வடலூர் ஞாபகம்தான். வேன் பேசி, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறோம். ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், திரும்பி வந்த மறுநாள் நாம் எப்படி இருக்கிறோம்?

வள்ளலார் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனத்தைத் தொடங்கியது 1872ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1867ல், தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டிவிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. முதலில் பசித்தவனுக்குச் சோறு, அப்புறம்தான் ஜோதி என்று நமக்குச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். அங்கே சாதி என்ன, ஊர் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பட்டுப்புடவைக்காரியும் பிச்சை எடுப்பவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, போன தைப்பூசத்துக்கு அன்னதானத்துக்காக ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார். அதே வாரம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு வராத பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கென்று கொல்லைப்புறத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். அதில் முந்தாநாள் குழம்பு! கேட்டால், "காலங்காலமா இப்படித்தானே நடக்குது" என்கிறார். வடலூரில் யாரென்றே தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. தினமும் நம் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பவளுக்கு நாம் குடிக்கும் டம்ளரில் காபி கொடுக்க முடியாதா?

'கோயிலுக்குப் போனால் மனசுக்கு நிம்மதி' என்கிறோம். நம்மால் இன்னொருத்தி மனசு நொந்து போனால் அது என்ன நிம்மதி? வள்ளலார் பெரிதாகச் சொன்னது ஜீவகாருண்யம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. நாம் சாப்பிடுவதையே அவளுக்கும் சூடாகக் கொடுக்கலாம். உடம்பு முடியாத நாளில் சம்பளத்தைப் பிடிக்காமல் இருக்கலாம். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தால், மாசக் கடைசியில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு நாள் சாப்பாடாகும்.

சகோதரிகளே, அடுத்த தைப்பூசத்துக்கு வேன் பேசும்போது, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் ஒரு சீட் போடுங்கள். அன்று அவளுக்கு லீவு, சம்பளத்தோடு!

- ஒரு வாசகி, கடலூர்.