திருக்கோணமலை என்னும் மரக்கலம்

நம் திருக்கோணமலையின் பெயரைத் தாங்கிய மரக்கலம் ஒன்று, இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கின்றது. 1782ஆம் ஆண்டில் திருக்கோணமலையை அடுத்த கடலில் ஆங்கிலேயரும் பிரான்சியரும் பொருத போரின் நினைவாக அதற்கு அப்பெயர் அமைந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களால் அந்நாட்டில் ஓக் மரம் அருகியமையின், பம்பாயில் வாடியா மரபினராகிய பார்சித் தச்சர் மலையாளத் தேக்கினால் அதனைக் கட்டி, 1817இல் நீரிலிறக்கினர். பிற்காலத்தே வேற்றுப்பெயர் பூண்டு, 1986 வரை இளைஞர் பயிலுங் கலமாக அது உழைத்தது.

1990 முதல் 2001 வரை அக்கலம் புதுக்கப்பெற்றது. அப்பணி ஹார்ட்டில்பூலிலே நிகழ்ந்தமைக்குக் காரணம் யாது? 'வாரியர்' என்னும் பழைய போர்க்கப்பலை அவ்வூரார் 1979 முதல் எட்டாண்டு முயன்று திருத்தியிருந்தனர். கைதேர்ந்த தொழிலாளர் அங்கிருந்தமையின், இக்கலமும் அவர்களிடமே சென்றது. ஒரு கப்பலிற் பயின்ற கை மற்றொரு கப்பலைக் காத்தது.

பழங்கலம் புதுக்குவோர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியபின் எஞ்சுவது பழங்கலமோ, புதுக்கலமோ? தேக்கின் உறுதியால் இக்கலத்தின் பழைய மரத்திற் பெரும்பகுதி தப்பியது. போட்ஸ்மத்திலுள்ள 'விக்டரி'யின் நிலை வேறு. 1765இல் நீரிலிறங்கிய அவ்வோக் மரக்கலத்தைப் பூஞ்சணமும் வண்டும் அரித்தமையால், 2022இல் பெருந்திருத்தப்பணி தொடங்கலாயிற்று. மரம் மாறினும், அதனை இழைத்துப் பொருத்தும் முறை மாறாதிருப்பின் கலம் பழையதே என்பது எம் கருத்து. முறையறிந்தோர் மறைந்தாலோ, பழைய மரம் முழுதும் இருந்தும் பயனில்லை.

நாமோ இதில் வறியரல்லேம். வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அத்தகைய பெருங்கலங்களை இன்று அங்குக் கட்டுவாரில்லை. ஏரா, வங்கு, பருமல், கலப்பற்று முதலிய சொற்களும் நம் மாணாக்கர்க்கு அகராதிச் சொற்களாகிவிட்டன.

கப்பலொன்றைப் புதுக்கும் பெரும்பொருள் நம்மிடம் இல்லாதிருக்கலாம். முதிய ஓடாவி ஒருவரிடம் சென்று, அவர் அறிந்த முறையையும் சொல்லையும் கேட்டெழுதுதற்கு ஏடும் கோலும் போதும். கரையோரப் பாடசாலை ஆசிரியர்கள் இதனை மாணாக்கரைக் கொண்டு இவ்வாண்டே தொடங்குவாராக. பிந்தினால், கேட்பதற்கு ஆள் இரார்.