அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

2018ஆம் ஆண்டு ஆடி மாதம், எங்கள் மாவட்டத்துக் காவல் நிலையம் ஒன்றில் நான் ஒரு பொய் சொன்னேன். என் பெரியம்மா மகள் கைகளால் சொன்ன ஐந்து விஷயங்களில் நான்கை வாயால் சொன்னேன். ஐந்தாவதை விழுங்கிவிட்டேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அரும்பாவூரில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் உப்புத்தாள் தேய்க்கிற வேலை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அதே சிற்பங்கள்தான். உளி பிடித்தவரின் பெயர் வெளியே தெரியும், தேய்த்தவளின் பெயர் தெரியாது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அன்று அந்தக் கைகள் சொன்னது அவள் கணவனின் அண்ணன் செய்ததை. ரைட்டர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம் கேட்டார்: "என்னம்மா சொல்லுது அது?"

அது.

பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "அடிச்சாரு, சோறு போட வேணாம்னாரு, போனைப் புடுங்கிட்டாரு, வீட்டை விட்டுப் போகச் சொல்றாரு" என்றேன். குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கோங்க என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அக்கா கேட்டாள்: எல்லாம் சொன்னியா? தலையை ஆட்டினேன்.

அப்போது எனக்கு இருபது வயது. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். அதே வாரம் எல்லாத் தொலைக்காட்சியிலும் அயனாவரம்தான் ஓடியது. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், காது சரியாகக் கேட்காத 11 வயதுச் சிறுமியை அங்கே வேலை பார்த்த ஆண்கள் மாதக்கணக்கில் வன்கொடுமை செய்திருந்தார்கள். 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் குழந்தை தன் அக்காவிடம் சொன்னாள். அந்த வீடு அதை மறைக்காமல் வெளியே கொண்டுவந்தது. செய்தியைப் பார்த்து நானும் பெரியம்மாவும் அழுதோம். மூன்று நாள் கழித்துத்தான் நிலையத்துக்குப் போனோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013இல் திருத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவுப்படி, மாற்றுத்திறனாளிப் பெண் பாலியல் குற்றம் குறித்துப் புகார் கொடுத்தால் அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். வீடியோவும் எடுக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 173ஆம் பிரிவில் இந்த ஏற்பாடு தொடர்கிறது. வீடியோ எதற்கு? என்னைப் போன்றவர்கள் சொன்னது சரியா என்று பிறகு இன்னொருவர் பார்க்கத்தான்.

ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பாலியல் குற்றம் என்று தெரிந்த பிறகுதான் மொழிபெயர்ப்பாளர் வருவார். அது தெரிவதற்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே! அந்த முதல் ஐந்து நிமிடத்தில் யார் நிற்கிறோம்? அம்மா, தங்கை, மாமியார், சில சமயம் செய்தவனே. குடும்ப மானத்தில் பங்குள்ளவர்களைப் பெண்ணின் வாயாக நியமித்துவிட்டு, அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று கோப்பை மூடுகிறோம்.

"ஊமை கண்ட கனவு" என்று ஒரு சொல்வழக்கு வைத்திருக்கிறோம். கண்டவளுக்குச் சொல்லத் தெரியும். கேட்கிற நமக்குத்தான் அவள் மொழி தெரியாது.

அந்த மொழியையும் நாம் விட்டுவைக்கவில்லை. அக்கா படித்த விடுதிப் பள்ளியில் வகுப்பறைக்குள் கையை அசைத்தால் அடி. உதட்டைப் பார், வாயால் பேசு. கண்ணாடி முன் நின்று குரலில்லாமல் 'அப்பா' என்றும் 'அம்மா' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு 1880இல் மிலானில் கூடிய கல்வியாளர் மாநாடு முத்திரை குத்தியது. தீர்மானித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவிக்க 2010 ஆனது. அக்கா சைகை மொழியைக் கற்றது இரவில், விடுதி அறையில், மற்ற பெண்பிள்ளைகளிடம். இந்திய சைகை மொழிக்கு இன்று 10,000 சொற்கள் கொண்ட அரசு அகராதி இருக்கிறது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, அவர்களிலும் மாற்றுத்திறனாளிகளை, நியமிக்கச் சொல்லி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பெண்ணியம் பேசுகிற நாமும் யோக்கியம் இல்லை. "குரலற்றவர்களின் குரல்" என்று பதாகை கட்டுகிறோம். இதுவரை நான் போன எந்தப் பெண்கள் கூட்டத்திலும் மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்ததில்லை. செலவு என்பார்கள். ஒலிபெருக்கிக்கு வாடகை கொடுக்கிறோமே, அது யாருக்கான செலவு? 181 உதவி எண்ணைச் சுவரெல்லாம் எழுதுகிறோம். அழைத்தால் எதிரில் ஒரு குரல் வரும். அக்கா அதை வைத்து என்ன செய்வாள்? அவளுக்குப் போன் என்றால் வீடியோ அழைப்பு. ஆகவே புகுந்த வீட்டில் முதலில் பிடுங்கியது அதைத்தான். கேட்கிற பெண்ணிடம் போனைப் பிடுங்கினால் பக்கத்து வீட்டுக்குக் கத்தலாம்.

2023 செப்டம்பரில், காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்ற விசாரணையில் பங்கேற்றார். டெல்லியில் முடிந்தது பெரம்பலூரில் ஏன் முடியாது? ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலிருந்தும் வீடியோவில் அழைக்கும்படி, சம்பளம் வாங்கும் பெண் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வேண்டும். அதில் காதுகேளாத பெண்களும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடமே போகாத ஒருத்தியின் வீட்டுச் சைகையை அவர்கள் பிடிப்பதுபோல நம்மால் பிடிக்க முடியாது. புகார் எதுவாக இருந்தாலும், முதல் கேள்வியிலிருந்தே. உறவினர் வெளியே உட்காரட்டும். நானும் வெளியேதான்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை வீடியோ அழைப்பில் அக்காவுக்குக் கைகளால் சொன்னேன். அவள் இப்போது பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். ஐந்தாவது விஷயம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன் என்றதும் நிறுத்தினாள். இன்னும் விழுங்குறியா என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: தாழ்ப்பாள் போட்டான். பாவாடையைத் தூக்கினான். வாயைப் பொத்தினான்.

ஊமை ஊமை என்கிறவன் என் வாயை எதற்குப் பொத்தினான், அதையும் எழுது என்றாள்.