மதிய ஊசிக்கு யார் பொறுப்பு?

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், அந்த வீட்டில் முதலில் போவது அம்மாவின் வேலைதான். காலை ஊசியை வீட்டிலேயே போட்டு அனுப்பிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய ஊசியை யார் போடுவது? நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் தாய் நடுப்பகலில் எப்படி வருவாள்? அரை நாள் கூலியை இழந்து ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் முடியாமல் பிள்ளையின் படிப்பையே நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

இது பெரியவர்களுக்கு வரும் சுகர் அல்ல. இனிப்பு தின்றதால் வந்ததும் அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இன்சுலின் இல்லாமல் மாத்திரையை மட்டும் வைத்து இதைச் சமாளிக்க முடியாது. வாழ்நாள் முழுக்க ஊசி, நாளுக்குப் பல முறை விரலில் குத்திப் பார்க்கும் சோதனை. 1922 ஜனவரியில் டொரொண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்றைக்கு ஒழுங்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை கபடி ஆடலாம், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வரலாம். மருத்துவம் தன் வேலையைச் செய்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில்தான் பிள்ளை தடுக்கி விழுகிறது.

உயர்ந்த சர்க்கரை மெல்லக் கெடுக்கும். சட்டென்று இறங்கும் சர்க்கரை சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் பிள்ளைக்கு வியர்க்கும், கை நடுங்கும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும், காரணமில்லாமல் எரிந்து விழும். வகுப்பில் அது சோம்பலாகவோ திமிராகவோ தெரியும். அந்த நேரத்தில் வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். சின்னப் பிள்ளை என்றால் அதில் பாதி. கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள், “சுகர் பிள்ளைக்குப் போய் சர்க்கரையா?” என்று தடுத்துவிடுகிறார்கள். அல்லது “ஆபீஸ் ரூமுக்குப் போய்ப் படு” என்று தனியாக அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம்.

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வாய்ப்பது காலையும் இரவும் போடும் கலப்பு இன்சுலின். காலையில் போட்டது நடுப்பகல்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். சாப்பாட்டு மணி அரை மணி நேரம் தள்ளிப்போனாலும், அதற்கு முந்தைய பீரியடில் வெயிலில் ஓடவிட்டாலும் சர்க்கரை இறங்கிவிடும். அந்தப் பிள்ளை பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட் தின்பது மருந்தின் ஒரு பகுதி. “வகுப்பில் என்ன தீனி?” என்று அதைப் பிடுங்கி வைப்பது மருந்தைப் பிடுங்குவதற்குச் சமம்.

காலை உணவுத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ வயிறுகளை நிறைக்கிறது, மனதாரப் பாராட்டுகிறேன். உப்புமாவும் பொங்கலும் மாவுச்சத்து என்பதால் சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் போட்டாக வேண்டும். ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பே. வீட்டில் போட்டு அனுப்பி, வழியில் தாமதமானால் ஆபத்து. பள்ளியில் போட இடமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் அந்தச் சாப்பாடே வேண்டாம் என்று தாய்மார்கள் ஒதுங்குகிறார்கள். பசிக்காக வந்த திட்டம், அது மிகவும் தேவைப்படும் ஒரு பிள்ளையை வெளியே நிற்க வைக்கலாமா?

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு வரும் டீச்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் கிடைத்தால், பிள்ளையின் பாதுகாப்பும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருகிறவர், “ஏதாவது ஆகிவிட்டால் என் வேலை போய்விடும், நாளையிலிருந்து நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்மா” என்கிறார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாதபோது யார்தான் பொறுப்பேற்பார்கள்?

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். நாளைக்குக் கல்யாணம் தடைப்படும் என்று வீட்டில் மறைக்கச் சொல்கிறார்கள். பிள்ளை கழிப்பறையில் நின்று ஊசி போட்டுக்கொள்கிறது. இல்லையென்றால் மதிய ஊசியையே விட்டுவிடுகிறது.

சட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய ரத்த நோய்கள் அதில் உண்டு. டைப் 1 இல்லை. சான்றிதழ் இல்லை, அதனால் சலுகையும் இல்லை.

வழி தெரியாத பிரச்னையும் அல்ல இது. 2017-லேயே சிபிஎஸ்இ, பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரையும் வாழைப்பழமும் தண்ணீரும் தேர்வறைக்குக் கொண்டுபோக அனுமதித்தது. கேரளம் 2018-ல் ‘மிட்டாயி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் பேனாவும் தொடர் சர்க்கரைமானியும் இலவசமாகத் தருகிறது. வகுப்பறையில் சோதனை செய்யவும் ஊசி போடவும் இடையில் சாப்பிடவும் அனுமதிக்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்த ஆண்டே உத்தரப்பிரதேசம் அதை ஏற்றுப் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே சுகாதாரத் துறை, பள்ளிக் கல்வித் துறையோடு உட்கார்ந்து பேசி, கடைசி ஒன்றியத் தொடக்கப் பள்ளிவரை போய்ச் சேரும்படி ஒரு கூட்டு உத்தரவு போட வேண்டும். இப்படி ஒரு பிள்ளை படிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் பெயர் குறித்துப் பொறுப்பாக்கப்பட வேண்டும்; ஒருவர் விடுப்பில் போனாலும் மற்றவர் இருப்பார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஜூனில் பள்ளி திறந்ததும் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பயிற்சிப்படி நடந்துகொண்ட ஆசிரியர்மீது நடவடிக்கை வராது என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தாளோடு நின்றுவிடும். ஊசி போடக் கழிப்பறை அல்லாத ஓர் இடம், சர்க்கரையும் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் வைக்க ஒரு பெட்டி. ஃபிரிட்ஜ் இல்லாத பள்ளியில் இன்சுலின் வெயிலில் கெடாமல் இருக்க, ஈர மணலில் வைத்த மண்பானை போதும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஏதும் இல்லை.

அதுவரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்திலேயே பேசுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசி நேரம், சாப்பாட்டு நேரம், அவசரத்தில் செய்ய வேண்டியது, பொறுப்பாசிரியர்கள் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்மானமாக நிறைவேற்றி, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள்.