சொல்லும் வழக்கும்: மேலதிகம்

மாணவர் சிலர் கட்டுரை எழுதும்பொழுது, 'மேலதிகக் கட்டணம்' என்பது சரியா, 'கூடுதற் கட்டணம்' என்பது சரியா என்று ஐயுறுகின்றனர். வீட்டுப் பெரியோருக்கு வேறோர் ஐயம். பற்றுச்சீட்டின் அடியிலே விலையோடு சேர்ந்து நிற்கும் அந்தத் தொகை எதற்காக? அதனைக் கொடுத்தே ஆகவேண்டுமா? முன்னையது சொல்லைப் பற்றியது. பின்னையது பணத்தைப் பற்றியது. சொல்லின் பொருள் விளங்கினாற் பணத்தின் கணக்கும் ஓரளவு விளங்கும். ஆதலின் இரண்டையும் இவ்வாரம் ஒருங்கே நோக்குவோம்.

'மேலதிகம்' இரு சொற்களின் சேர்க்கை. 'மேல்' தமிழ்ச்சொல். 'அதிகம்' வடமொழியிலிருந்து வந்து நெடுங்காலமாக நம்மோடு வாழ்வது. இரண்டுக்குங் கருத்து ஏறக்குறைய ஒன்றே. அவ்வாறாயின் இது கூறியது கூறலென்னுங் குற்றமாகாதோ என இலக்கணங் கற்ற மாணவன் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் 'மீமிசை' என்னுஞ் சொல்லை அவன் நினைவுகூர்தல் வேண்டும். 'மீ' என்றாலும் மேல். 'மிசை' என்றாலும் மேல். ஒரே பொருளைத் தருஞ் சொற்கள் இவ்வாறு சேர்ந்து நிற்பதை ஒருபொருட்பன்மொழி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கின்றது. 'மேலதிகம்' அவ்வகையைச் சார்ந்தது. ஆகவே அஞ்சாமல் எழுதலாம்.

இச்சொல் நம் நாட்டிலே பெற்றிருக்குஞ் செல்வாக்குப் பெரிது. மாவட்டச் செயலகத்திலே மேலதிக அரசாங்க அதிபர் இருக்கின்றார். அமைச்சிலே மேலதிகச் செயலாளர் இருக்கின்றார். பாடசாலை விட்ட பின்னர்ப் பிள்ளைகள் மேலதிக வகுப்புக்கு ஓடுகின்றனர். தமிழ்நாட்டிலோ இவ்விடங்களிற் பெரும்பாலும் 'கூடுதல்' என்பதே வழங்கும். அங்கே கூடுதல் ஆட்சியர், கூடுதற் கட்டணம். இரண்டுந் தமிழே, இரண்டும் பிழையற்றவையே. இதற்கு எதிர்ச்சொல்லிலும் இவ்வேறுபாடு உண்டு. விலையிற் குறைத்துக் கொடுப்பதை நாம் 'கழிவு' என்போம். அவர்கள் 'தள்ளுபடி' என்பர். நம் கடை வாசலில் 'நூற்றுக்கு 10 கழிவு' என எழுதியிருப்பதைக் காணுந் தமிழ்நாட்டு விருந்தினர் சற்றுத் திகைத்தால் வியப்பில்லை. அங்கே கழிவு என்றாற் குப்பையே முதலில் நினைவுக்கு வரும்.

இனிப் பணத்துக்கு வருவோம். 'மேல்' என்று சொன்னவுடனே 'எதற்கு மேல்?' என்னும் வினா எழுகின்றது. அடித்தளம் இல்லாமல் மேல்மாடி இல்லை. அவ்வாறே அடிப்படைத் தொகை ஒன்று தெளிவாக இருந்தாலன்றி மேலதிகம் என்பதற்குப் பொருளில்லை. ஆகவே முதலில் அடிப்படை என்ன என்று கேட்டல் வேண்டும். அடுத்து, மேற்சேர்ந்த தொகைக்குக் காரணம் என்ன? மூன்றாவதாக, அது யாரைச் சென்று சேருகின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்குமாயின் அது நேரிய மேலதிகமா, அன்றா என்பது தெரிந்துவிடும்.

மேலதிகம் எப்பொழுதும் நம் பையிலிருந்து போவதே என்று எண்ணுதல் கூடாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியரின் சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் விதி. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு ஊதியங் கொடுத்தல் வேண்டும். மணிக்கு 240 ரூபா பெறுபவர் மேலதிக நேரத்தில் மணிக்கு 360 ரூபா பெறுவார். இங்கே அடிப்படையுந் தெளிவு, காரணமுந் தெளிவு, பெறுபவர் உழைத்தவரே. மேலதிகம் நீதியாக அமைவதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

முத்திரை குறைவாக ஒட்டிய கடிதத்தைப் பழையவர்கள் மறந்திரார். குறைந்த தொகையின் இரு மடங்கைக் கடிதம் பெறுபவரிடம் அறவிடுவது தபாற் பகுதியின் பழைய வழக்கம். குறை வைத்தவர் ஒருவர், கொடுத்தவர் வேறொருவர். எனினும் அந்தத் தொகை இன்ன அளவென்று விதி இருந்தது. விதியின்றி எவருங் கேட்கவில்லை.

உணவகத்துக்குச் செல்வோம். உண்டதன் விலை 2,000 ரூபா. அதன்கீழே சேவைக் கட்டணம் நூற்றுக்கு 10 என 200 ரூபா சேர்கின்றது. இது மேலதிகக் கட்டணமே. பரிமாறும் ஊழியர்களிடையே இதனைப் பகிர்வது வழக்கம். பகிரப்படுகின்றதா என்று கேட்பதிற் பிழையில்லை. அதே சீட்டிலே பெறுமதி சேர் வரியும் இருக்கலாம். அதனை மேலதிகக் கட்டணம் என்பது பொருந்தாது. வரி அரசாங்கத்துக்கு உரியது. கடைக்காரர் அதனை வாங்கிச் செலுத்துபவர் மாத்திரமே. இவ்வரி 2024 ஜனவரி முதலாந் திகதியன்று நூற்றுக்கு 15இலிருந்து 18 ஆக உயர்ந்தது. அதனைக் கூட்டவுங் குறைக்கவும் கடைக்காரருக்கு உரிமையில்லை.

இக்காலத்திலே இல்லத்தரசியர் பலருக்கு நேரும் இடர் இன்னொன்று. துணிக்கடையில் 8,000 ரூபாவுக்குச் சேலை எடுத்து, கடனட்டையை நீட்டியவுடன், 'அட்டையென்றால் நூற்றுக்கு மூன்று மேலதிகம்' என்று 240 ரூபா கேட்கின்றனர். காரணமாகச் சொல்லப்படுவது வங்கி அறவிடுங் கழிவு. ஆனால் அந்தச் செலவு கடைக்காரரும் வங்கியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கடைக்காரரையே சார்ந்தது. அதனை வாடிக்கையாளர்மீது சுமத்தலாகாது என இலங்கை மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்திருக்கின்றது. அவ்வாறு கேட்கப்பட்டால் அட்டையை வழங்கிய வங்கிக்கு முறையிடலாம். 240 ரூபா சிறிதென்று விட்டுவிடுவோர் பலர். பத்துப் பேர் விட்டால் 2,400 ரூபா என்பதை நம் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்வர்.

பொதிமீது அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதும் இத்தகையதே. 'குளிரூட்டியதற்கு மேலதிகம்' என்று தண்ணீர்ப் போத்தலுக்குக் கேட்பவருமுளர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றல் குற்றமாகும். அங்கே மேலதிகம் என்னும் பெயர் ஒரு போர்வையே.

ஆங்கிலத்திலே 'சேர்சார்ஜ்' எனப்படுஞ் சொல்லை எல்லாவிடத்தும் மேலதிகக் கட்டணம் என்று பெயர்த்தலும் ஆகாது. 2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், 2020 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலே 200 கோடி ரூபாவுக்கு மேல் வரிக்குரிய வருமானம் பெற்றவர்மீது நூற்றுக்கு 25 என ஒரு தடவை விதித்ததை 'மிகைவரி' என்றனர். கட்டணம் சேவைக்கு, வரி அரசுக்கு. ஆதலால் அச்சொல் பொருத்தமே. இன்னோரிடத்தில் அதே ஆங்கிலச் சொல் முற்றிலும் வேறு பொருள் தருகின்றது. 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், மோசடி, கவனமின்மை முதலியவற்றால் அரச பணத்துக்கு நேரும் நட்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடமே அறவிட இடமளிக்கின்றது. இங்கே மேலாக எதுவுஞ் சேரவில்லை. போன பணமே திரும்பி வருகின்றது. மொழிபெயர்க்கும் மாணவர் அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இது சான்று.

இறுதியாக, பற்றுச்சீட்டில் ஏறாத மேலதிகம் ஒன்றுண்டு. அலுவல் விரைவாக முடிவதற்கென மேசைக்குக் கீழே நகரும் பணத்துக்கு நம் நாட்டிலே 'சந்தோஷம்' என்று அழகிய பெயர் சூட்டியிருக்கின்றனர். கொடுப்பவருக்கு அதில் யாது சந்தோஷம்? நம் முன்னோர் அதனைக் கைக்கூலி என்று நேராகவே சொன்னார்கள். பழைய சொல்லே உண்மையான சொல்.

ஆகவே பெற்றோர் பற்றுச்சீட்டைக் கசக்கி எறியாது பிள்ளைகளிடங் கொடுத்து வாசிக்கச் செய்வார்களாக. எது விலை, எது வரி, எது மேலதிகம் என்று அவர்கள் பிரித்துக் காட்டட்டும். கணக்கும் தமிழும் ஒருங்கே வளரும். வீட்டுப் பணமும் காக்கப்படும்.