களிமண் கொடுத்தால் குலக்கல்வியா?

அரசுப் பள்ளியில் சிற்பப் பட்டறை நடத்த வேண்டும் என்று சொன்னதுமே தோழர்கள் சிலர் கேட்டார்கள்: "மறுபடியும் குலக்கல்வியா?" நியாயமான சந்தேகம்தான். அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்ததைத் துரத்த அடுத்த ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா என்ற பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. அதன் 18 தொழில்களில் சிற்பியும் உண்டு, குயவரும் உண்டு.

ஆனாலும் தருமபுரிக்கு இந்தப் பட்டறை வேண்டும் என்றே சொல்வேன். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் கவின்கலைக் கல்லூரி மாணவர்களும் அருங்காட்சியகத்தில் சேர்ந்து உட்கார்ந்து, சில வாரங்கள் ஒரே சிற்பத்தைச் செய்யும் பட்டறை.

குலக்கல்வி அப்பன் வேலையையே பிள்ளை தலையில் கட்டியது. இதுவோ வீட்டில் யாருமே தொடாத வேலையைக் கையில் கொடுத்து, இதற்குப் பட்டப்படிப்பும் உண்டு என்று காட்டுவது. சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. அரசின் இன்னொரு கல்லூரி கும்பகோணத்தில் இருக்கிறது, சிற்பக் கல்லூரி மாமல்லபுரத்தில். பென்னாகரத்தில் பத்தாவது படிக்கும் பெண்ணிடம் இதை யார் சொல்வது? ஓவிய ஆசிரியரா? 2012இல் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாகச் சேர்க்கப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றவர்கள் அவர்கள்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரைச் சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல்லில், கள்வரைக் கடித்த நாயின் பெயர்கூட இருக்கிறது: கோவிவன். கல்லைச் செதுக்கியவர்களின் பெயரோ பெரும்பாலான நடுகற்களில் இல்லை. பிள்ளைகள் அங்கே நின்று கேட்கட்டும்: யாருக்குக் கல் நட்டார்கள், யாருக்கு நடவில்லை? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அம்மாவுக்கு ஒரு கல் செய்யலாமா? செய்து முடித்ததை அருங்காட்சியகம் தன் கூடத்திலேயே, செய்த எல்லோர் பெயரையும் போட்டு வைக்க வேண்டும்.

ஏன் சேர்ந்து செய்ய வேண்டும்? 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று உயர்நிலை வகுப்புகளில் இருக்கும் வயது. பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. களிமண் பிசையும்போது கயிறு சேற்றில் ஊறும், கழற்றித்தான் ஆக வேண்டும். (சாயங்காலம் மறுபடி கட்டிக்கொள்வார்கள், தெரியும்.)

அதைவிட நான் பயப்படுவது வேலைப் பிரிவினையைத்தான். ஒரு தெருப் பிள்ளைகள் மண் சுமக்க, இன்னொரு தெருப் பிள்ளைகள் முகம் வடித்தால் ஊரையே பட்டறைக்குள் கொண்டுவந்ததாக ஆகிவிடும். பெண்களுக்குத் தண்ணீர்க் குடம், பையன்களுக்கு உளி என்பதும் அதே கதைதான். யார் பிசைவது, யார் வடிப்பது, யார் கூட்டிப் பெருக்குவது என்று தினமும் சீட்டுப் போட்டு மாற்ற வேண்டும். கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கும் சீட்டு உண்டு.

மாவட்ட நிர்வாகம் இதற்குப் பணம் ஒதுக்கும்போது மண், கம்பி, சாப்பாட்டோடு நின்றுவிடக் கூடாது. சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் போய் கல்லூரியைப் பார்த்துவர பேருந்துச் செலவு, பிறகு பன்னிரண்டாவது முடிக்கும்போது விண்ணப்பக் கட்டணம், இரண்டையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.