டிரோயிங் டெப் வாங்கிக் கொடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்க எழுதக் கஷ்டப்படும், ஆனால் அருமையாகப் படம் வரையும் எங்கள் தோட்டத்து மகன் ஒருவருக்கு டிரோயிங் டெப் வாங்கிக் கொடுக்கலாமா என்று கட்டாரில் இருக்கும் பழைய மாணவர்கள் கேட்டிருந்தார்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒன்லைனில் விலை குறைந்ததைப் பார்த்து உடனே ஓடர் போட வேண்டாம். பொருந்தாததை வாங்கினால் அது அலுமாரிக்குள் போய்விடும். அதைவிட மோசம், "இதுவும் எனக்குச் சரிவராது சேர்" என்று பிள்ளை முடிவெடுத்துவிடும்.

வேகொம், ஹுய்யோன், எக்ஸ்பீ-பென் கம்பனிகளின் விலை குறைந்த பலகைகளில் திரை இல்லை. கை மேசையில் கோடு போடும், கண் கணினித் திரையைப் பார்க்கும். பழகிய ஓவியருக்கு இது பெரிய விடயமில்லை. பிள்ளைக்கு வாசிப்பில் மட்டும் இடர்பாடு, அதாவது டிஸ்லெக்சியா என்றால், இது சரிவரவும் கூடும். ஆனால் கண் பார்ப்பதைக் கை செய்வதிலேயே சிக்கல் உள்ள பிள்ளைக்கு இது இன்னொரு தண்டனை.

நம் எழுத்தையே பாருங்கள். "கெ" என்று சொல்லும்போது எ ஓசை பிறகுதான் வருகிறது, எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. "கொ" என்றால் முன்னாலும் பின்னாலும். இதில் தடுமாறும் பிள்ளைகளைப் பின்வாங்கில் இருத்தி "மெல்லக் கற்போர்" என்று பெயர் வைத்திருக்கிறோம். வேறு எதை வாசிக்காவிட்டாலும் அந்தப் பெயரை அவர்கள் முதல் வாரத்திலேயே வாசித்துவிடுகிறார்கள்.

சரி, திரையுள்ள பலகை வாங்கலாமே என்பீர்கள். அதில் கோடு பேனை முனையிலேயே விழும், நல்லதுதான். ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் கணினி வேண்டும், வயர்கள் வேண்டும், கரண்ட் வேண்டும். லயக் காம்பராவில் அதை எங்கே வைப்பது? 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே என் தெரிவு, பேனையோடு வரும் தனி டெப். செம்சுங் கெலக்ஸி டெப் எஸ்6 லைட் போன்றவற்றில் எஸ் பென் கூடவே வரும், வரைவதற்கு அந்தப் பேனையைச் சார்ஜ் போடத் தேவையில்லை. அப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும், சார்ஜும் போட வேண்டும். டவுன் கடைகளில் "பேனை ஃப்ரீ" என்று தரும் இறப்பர் முனைக் குச்சியை நம்பி ஏமாற வேண்டாம். அது விரலுக்குப் பதில்தான், அழுத்தம் தெரியாது. உள்ளங்கை பட்டாலும் கோடு விழும்.

எப் விடயத்தில் ஒன்று. ஐபிஸ்பெயின்ட் நல்லது, நடுங்கும் கோட்டை நேராக்கித் தரும் வசதியும் உண்டு. ஆனால் இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். வாசிக்கத் தெரியாத பிள்ளை எதை அமத்தும்? காசு கொடுத்து விளம்பரத்தை நீக்கிவிடுங்கள். பேனையின் பக்கத்துப் பட்டனையும் எப்பில் நிறுத்திவிடலாம் என்றால் நிறுத்திவிடுங்கள். கை தவறி அமர்ந்தால் கோடு அழியும், பிள்ளை தன்னைத்தான் குற்றம் சொல்லும்.

அந்த மகன் கொழுந்து லொறியை வரைந்தால் டயரில் உள்ள ஆணிகள்கூட எண்ணிக்கை பிசகாது. இறப்பரால் அழித்து அழித்துக் கொப்பியில் ஓட்டை விழுந்திருக்கும். டெப்பில் அழித்தால் தடயமில்லை. எனக்கு அதுவே போதும். ஆனால் சாதாரண தரச் சித்திரப் பரீட்சை கடதாசியில்தான், வர்ணப் பெட்டியை நிறுத்திவிட வேண்டாம்.

இன்னொரு விடயம், இதில் நான் கொஞ்சம் கோபமாகவே இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. விசேட தேவையுடைய பிள்ளைக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கோரலாம். அதற்கு வைத்திய அறிக்கை வேண்டும். அறிக்கைக்காகக் கிளினிக் போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்குப் பேர் விழாது. 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. சேர்த்த காசில் முதலில் அந்த நாட்களையும் பஸ் காசையும் கொடுங்கள், மிச்சத்தில் டெப். பெனர் கட்டிப் போட்டோ எடுக்கவும் வேண்டாம், அதை வகுப்பே பார்க்கும்.

பசறைப் பக்கம் யாரிடமாவது எஸ் பென் உள்ள பழைய டெப் இருந்தால் ஒரு வார இறுதிக்கு மட்டும் தாருங்கள். மகன் பிடித்துப் பார்க்கட்டும். பிறகு வாங்குவோம்.