த்ராட்டில் ஸ்க்ரூவும் வெள்ளை மாத்திரையும்



இன்னைக்கு சுகர், பிபி பத்தி பேசப்போறதில்லை. பழைய பெட்ரோல் கார் வச்சிருக்கவங்களுக்கான பதிவு இது. கார் இல்லாதவங்களும் படிங்க, உங்களுக்கும் இதுல சேதி இருக்கு.

1)
போன மாசம் ஒரு திங்கள்கிழமை, விடியற்காலை. குளத்தூர்ல எங்க வீட்டு வாசல். என்கிட்ட இருக்கறது 2001 மாடல், 1600 சிசி கார். ஒரு காலத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல ஓடின வகையறா. ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்டேன். ஆக்சிலேட்டர்ல கால் வைக்கவே இல்லை. வண்டி பின்னாடி பாய்ஞ்சது. எதிர் வீட்டு அப்பத்தா குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிச்சு நிறுத்தினப்ப இடையில ரெண்டு முழம்தான். எஞ்சின் சூடான பிறகும் ஐடிலிங் 1,800. இருக்க வேண்டியது 850.

2)
இது எப்படி வந்துச்சு? ஆறு மாசம் முன்னாடி கீரனூர் போற வழியில வேகத்தைக் குறைச்சாலே வண்டி ஆஃப் ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பத்து நிமிஷம், 200 ரூபாய். த்ராட்டில் பாடியில ஒரு ஸ்க்ரூவைத் திருகினாங்க, ஐடிலிங் ஏறிடுச்சு. எனக்கும் சந்தோஷம்.

என் ஓபியில வாரம் ஒருத்தராவது இப்படி வர்றாங்க. மூட்டு வலிக்கு எங்கேயோ கொடுத்த பேர் தெரியாத வெள்ளை மாத்திரை. ரெண்டே நாள்ல வலி போயிடுச்சும்பாங்க. மாசக்கணக்கா சாப்பிட்டு முகம் உப்பி, சுகர் ஏறி வந்து நிப்பாங்க. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அவங்களைத் திட்டுற நான், என் காருக்கு அதையேதான் வாங்கிக் கொடுத்திருக்கேன்.

3)
கொஞ்சம் உடற்கூறு பார்ப்போம். பெட்ரோல் கார்ல ஆக்சிலேட்டரை மிதிச்சா நேரடியா திறக்கறது பெட்ரோல் இல்லை, காத்து. த்ராட்டில் பாடிக்குள்ள வட்டமா ஒரு தகடு இருக்கு. அது திறக்கிற அளவுக்குக் காத்து போகும். கம்ப்யூட்டர் அதை அளந்து, ஏறக்குறைய 14.7 கிலோ காத்துக்கு 1 கிலோ பெட்ரோல்ங்கற கணக்குல தரும். கால் எடுத்தா தகடு கிட்டத்தட்ட மூடிடும். அப்ப ஐடிலிங்குக்கு வேண்டிய காத்து, பக்கத்துல இருக்கற சின்ன வழியாவும் ஒரு வால்வு வழியாவும் வரும்.

வருஷம் போகப்போக எஞ்சின் ஆயில் ஆவி தகட்டோட ஓரத்துல கரியா படியும். காத்து குறையும், வண்டி ஆஃப் ஆகும். ஆக, நோய் கரி. மருந்து, கழுவறது.

4)
அப்ப அந்த ஸ்க்ரூ எதுக்கு? தகடு முழுசா மூடி சுவத்துல சிக்கிக்காம இருக்கறதுக்கு. கம்பெனியிலயே செட் பண்ணி, பல வண்டியில பெயின்ட் வச்சு சீல் பண்ணியிருப்பாங்க. அதைத் திருகினா தகடு எப்பவும் கொஞ்சம் திறந்தே இருக்கும். டிரைவர் மிதிக்கிறார்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். ஐடிலிங்கைத் தானா கட்டுப்படுத்தற வேலையை விட்டுடும்.

என் கதையில நடந்தது இதுதான். கரி அடைச்ச அளவுக்கு ஸ்க்ரூ திறந்து வச்சிருந்துச்சு, ரெண்டும் சமமா ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை யூடியூப் பார்த்து நானே கரியைக் கழுவினேன். அடைப்பு போச்சு, திறப்பு அப்படியே இருந்துச்சு. திங்கள்கிழமை வண்டி பாய்ஞ்சது.

5)
சரியான வரிசை இது:

▪️ முதல்ல ஏர் ஃபில்டர். நார்த்தாமலை பக்கம் குவாரி தூசியில ஓட்டறவங்க அடிக்கடி பாருங்க.
▪️ ரப்பர் வேக்குவம் ஹோஸ்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. நம்ம வெயிலுக்கு 20 வருஷ ரப்பர் தாங்காது.
▪️ எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, த்ராட்டில் பாடிக்குன்னே விக்கிற ஸ்ப்ரே, மெல்லிய துணி. சுரண்டாதீங்க.
▪️ ஐடில் வால்வையும் சுத்தம் பண்ணுங்க. ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமா இருக்கான்னு பாருங்க.
▪️ த்ராட்டில் சென்சார்ல மல்டிமீட்டர் வைங்க. பல வண்டியில மூடினா சுமார் 0.5 வோல்ட், முழுசா திறந்தா 4.5 வோல்ட் பக்கம். நடுவுல குதிக்காம ஏறணும்.
▪️ இவ்வளவுக்கு அப்புறம்தான் ஐடிலிங் செட்டிங். எஞ்சின் சூடா இருக்கணும், ஏசி, லைட் எல்லாம் ஆஃப்.

1989ல வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்குங்க. டயக்னாசிஸ் பெட்டியில ரெண்டு பின்னை ஒயரால இணைச்சு, கம்ப்யூட்டர் தலையிடாம பண்ணிட்டு, காத்து வழியில இருக்கற தனி ஸ்க்ரூவாலதான் 850 வைப்பாங்க. தகட்டோட ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடறதில்லை. உங்க வண்டிக்கு என்ன முறைன்னு சர்வீஸ் மேனுவல்ல பாருங்க.

6)
டாக்டரா ஒரு எச்சரிக்கை. ஷெட்டை மூடிட்டு எஞ்சினை ஓடவிட்டு இந்த வேலையைப் பண்ணவே கூடாது. புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தா உடனே வெளிக்காத்துக்கு வந்து 108க்குக் கூப்பிடுங்க. விரல்ல மாட்டற பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீங்க. அந்தக் கருவிக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

7)
"மெக்கானிக்கைத்தானே திட்டறீங்க?"ன்னு கேப்பீங்க. இல்லை. அம்பாசடர், சென்னையில தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் கார்புரேட்டர் வண்டி. அதுல ஐடிலிங்குக்கு ஸ்க்ரூவைத் திருகறதுதான் முறை. கை பழகின வேலையை அண்ணன் செஞ்சார். மாறினது வண்டி.

பெரிய தப்பு என்னோடது. "என்ன பிரச்சனைன்னு பாருங்க"ன்னு நான் கேக்கலை. "ஆஃப் ஆகாம பண்ணிக் குடுங்க, அவசரமா போகணும்"னு கேட்டேன். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"னு வர்றவங்களும் இதைத்தான் கேக்கறாங்க. காரணத்தைத் தேட ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம தயாரா இல்லைன்னா, நமக்குக் கிடைக்கறது திருகின ஸ்க்ரூவும் வெள்ளை மாத்திரையும்தான்.

மீட்டர்ல நம்பர் சரியாயிட்டா நோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. காருக்கும் அதே, உடம்புக்கும் அதே.

இப்ப ஸ்க்ரூ பழைய இடத்துக்குப் போயிடுச்சு. ஐடிலிங் 850ல நிக்குது. ஆனா நான் சாவி போட்டதும் எதிர் வீட்டு அப்பத்தா கோலப்பொடிக் கிண்ணத்தோட எழுந்து திண்ணையில ஏறிக்கிறாங்க. "நீ போ டாக்டர் தம்பி, அப்புறம் போட்டுக்கறேன்"ங்கறாங்க.


உங்கள் பொதுநல மருத்துவர்,
குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம்